எல்லாமே பெரிய எழுத்தான நாள்

போன வாரம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வேலையாகப் போயிருந்தேன். சரக்கு அனுப்பும் வாசலைத் தாண்டும்போது 'கிர்ர்ர், கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். கூடவே சூடேறிய ரிப்பன் மையின் வாசனை. கால் நின்றுவிட்டது. கண்ணாடிச் சுவர், தானாக நகரும் வண்டி, கை முளைத்த இயந்திரம் எல்லாம் இருக்கிற இடத்தில், ஒரு மூலையில் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் உட்கார்ந்துகொண்டு, கார்பன் வைத்த கேட் பாஸை இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தது. லாரிக்காரர்களுக்கு நாலு காப்பி வேண்டுமாம், அதற்கு இதை விட்டால் ஆளில்லையாம். நான் அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த வாசல் காவலர், "இன்னா மேடம், யாரனா பாக்கணுமா?" என்று கேட்டார். "இல்லண்ணா, சத்தம் கேட்டு நின்னேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். பையிலிருந்து போனைக்கூட எடுத்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன். உன் பெயரை மேலே போடவில்லை. போட்டால், "இனிஷியல் எங்கடி, இனிஷியல் இல்லாத நான் இன்னா அநாதையா?" என்று சண்டைக்கு வருவாய். துக்கமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தச் சத்தம் காதில் ஏறிய பிறகு துக்கம் நிலைகொள்ள மாட்டேன் என்கிறது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் எழுந்து வந்து எதிரே நிற்கிறது, என் பேச்சைக் கேட்காமல் நானும் துள்ளுகிறேன்.

அந்த வருஷம் நம் ஊர்ப் பெயர் உலகம் முழுக்கத் துக்கச் செய்தியாகப் போயிருந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வருகிறேன் என்றால் சென்னை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். நாம் இருவரும் அந்த ஊருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்னத் தொழிற்சாலையில் இருந்தோம். வண்டிப் பாகங்களைத் தாங்கிப்பிடிக்கும் இரும்பு பிராக்கெட் செய்கிற இடம். பிரஸ் மிஷின் ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். இந்தப் பக்கம் இப்போது வரிசையாக நிற்கிற கம்பெனிகளில் ஒன்றுகூட அப்போது இல்லை. ஒரகடம் என்றால் ஏரி, வயல், ஆடு, அவ்வளவுதான்.

நான் கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, சென்னையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்தவள். நீ ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் தேறியும் வேலை கிடைக்காமல், அதே தொழிற்சாலையின் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள். கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் வாங்கியதும் மேனேஜர், டைப் தெரிந்த பெண் யாராவது இருக்கிறாளா என்று தேடி உன்னை மேலே அழைத்தார். தற்காலிகம்தான். ஸ்டோர்ஸ் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அது சரிப்பட்டு வந்தால் உனக்கு நிரந்தர ஆர்டர், இல்லையென்றால் பழையபடி பேக்கிங். எனக்கு வேறு இடம் கிடைக்கும், பட்டம் இருந்தது. உனக்கு அந்த ஒரு நாற்காலிதான்.

அந்த நாற்காலி உனக்கு எவ்வளவு முக்கியம் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாய். "சர்ச்ல சொல்லிட்டேன்டி, கம்ப்யூட்டர் ஆபரேட்டர்னு. பாதிரியார் வரைக்கும் தெரிஞ்சிபோச்சி. இனிமே பேக்கிங்குக்குப் போனா ஞாயித்துக்கெழம மூஞ்ச எங்க வெச்சிக்கிறது?" நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் காலையில் எனக்கு முன்னால் வந்து, அந்தக் கம்ப்யூட்டரின் துணி உறையை மடிக்கிற விதத்தில் சிரிப்பு இல்லை. கல்யாணப் புடவை மடிப்பவள்கூட அவ்வளவு பதமாக மடிக்க மாட்டாள்.

தொழிற்சாலையிலேயே ஏ.சி. போட்ட ஒரே அறை நம்முடையதுதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், தூசி பட்டால் டிஸ்க் கெட்டுவிடும் என்று விற்றவர்கள் பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கு நான் குங்குமம் வைத்தேன், நீ விசைப்பலகையின் அடியில் ஒரு சின்னச் சிலுவை ஸ்டிக்கர் ஒட்டினாய். "மேல நீ பாத்துக்க, கீழ நாங்க பாத்துக்கறோம்" என்றாய். மேனேஜர் மட்டும் ஷூவோடு உள்ளே வருவார். அவரைக் கேட்க நமக்குத் தைரியம் இல்லை.

அந்த மேனேஜருக்கும் கம்ப்யூட்டருக்கும்தான் தகராறு. "இந்த டப்பா பொய் சொல்லுதும்மா" என்பார். அவர் சொன்னதும் நியாயம்தான். தட்டு முழுக்க பிராக்கெட் அடுக்கியிருக்கும், கம்ப்யூட்டரோ சரக்கு போதாது என்று சொல்லும். காரணத்தைக் கண்டுபிடிக்கவே நமக்குப் பல நாள் ஆயிற்று. ஒரு வகை பிராக்கெட்டின் குறியீட்டைக் காலை ஷிப்டில் நீ அடிப்பது BK-14. சாயங்கால ஷிப்டில் கணக்கு ஏற்றுகிற பையன் பாபு, பெரிய எழுத்துக்கு இன்னொரு விசையை அமுக்கச் சோம்பல்பட்டு bk-14 என்று அடித்துவிட்டுப் போவான். நமக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் இரண்டு வெவ்வேறு பொருள். BK-14 எவ்வளவு என்று கேட்டால் பாபு ஏற்றியதையெல்லாம் விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லும்.

நம் தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. 'அ' எங்கே நின்றாலும் 'அ'தான். பள்ளிக்கூடத்தில் பெரிய ஏபிசிடி, சின்ன ஏபிசிடி என்று இரண்டு தரம் மனப்பாடம் பண்ணும்போதே எனக்குக் கோபம் வரும். நீ ஒருநாள் திரையைப் பார்த்து, "வெள்ளக்காரன் எழுத்துல கூட மேல் சாதி கீழ் சாதி வெச்சிருக்கான் பாரு" என்றாய். நான் சிரித்ததில் டீ மூக்கில் ஏறியது.

எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பெரிய எழுத்தாக்கிவிட்டால் தகராறு தீர்ந்தது. ஆனால் எப்படி ஆக்குவது? இன்றைக்கு ஒரு சொல் போட்டால் போதும், லட்சம் வரி கண் சிமிட்டுவதற்குள் மாறிவிடும். அன்று நம்மிடம் இருந்த 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழியில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. நாமாகத்தான் செய்ய வேண்டும். மறுபடி எல்லாவற்றையும் டைப் அடிக்க நீ தயாராக விரல் சொடுக்கினாய். நான் கையேட்டின் கடைசிப் பக்கத்து அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டருக்குள்ளே ஓர் எண் உண்டு. பெரிய A-க்கு 65, சின்ன a-க்கு 97. பெரிய B 66, சின்ன b 98. கடைசி வரைக்கும் கழித்துப் பார்த்தேன். எல்லா ஜோடிக்கும் வித்தியாசம் 32.

"ஏய், முப்பத்திரண்டு" என்று கத்திவிட்டேன். நீ என்னவோ ஏதோ என்று எழுந்தாய். விளக்கினேன். சின்ன எழுத்தின் எண்ணிலிருந்து முப்பத்திரண்டைக் கழித்தால் அதே பெரிய எழுத்து வந்துவிடும், எந்த எழுத்தானாலும். நீ காற்றில் சுண்டு விரலால் ஷிப்ட் விசையை அமுக்கிக் காட்டினாய். "டைப்ரைட்டர்ல இத்த அமுக்கினா மொத்த வண்டியும் மேல ஏறும் தெரிமா? ஒரே அச்சுல மேல பெருசு, கீழ சிறுசுன்னு ரெண்டும் கீது. எந்த எழுத்துன்னாலும் ஏற்றது ஒரே ஒசரம்தான். அத்ததான்டி இவன் எண்ணா வெச்சிகினு கீறான்." நான் வகுப்பில் ஆறு மாதம் படித்து அறியாத ஒன்று அது. நீ வருஷக்கணக்கில் விரலால் செய்துவிட்டு யோசிக்காத ஒன்று. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்தக் குளிர் அறையில் வெறுங்காலோடு குதித்தோம். வெளியே பிரஸ் மிஷின் அடித்த அடியில் யாருக்கும் கேட்கவில்லை.

உடனே எழுதினேன். வார்த்தையை ஒவ்வோர் எழுத்தாக உடைத்து, எண்ணாக்கி, முப்பத்திரண்டைக் கழித்து, மறுபடி எழுத்தாக்கி ஒட்டு. சோதனைக்குக் கொஞ்சம் எடுத்து நேரே பிரிண்டருக்கு அனுப்பினோம். முதல் வரி அடித்த இடத்திலேயே இரண்டாவது தடவை அடித்தது. எழுத்து திடீரென்று எறும்பாகச் சுருங்கியது. அப்புறம் ஒரு முனகல், நின்றுவிட்டது. நீ இரண்டு அடி பின்வாங்கி, "இன்னாடி இது, பேய் புடிச்சிகிச்சா?" என்றாய். பேயில்லை, நம் அவசரம்தான். BK-14-ன் நடுவே வரும் கோடு, எண்கள் என்று எதையும் விடாமல் முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகக் கழித்துவிட்டோம். அவையெல்லாம் எழுத்தாக இல்லாமல் பிரிண்டருக்கு இடும் கட்டளையாக மாறிப்போயின. வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு, சுருங்கு, படுத்துக்கொள் என்று நாமே சொல்லியிருக்கிறோம், அது சொன்னபடி கேட்டிருக்கிறது. ஏற்கெனவே பெரிதாக இருந்த BK பாவம், மேற்கோள் குறியாகவும் கூட்டல் குறியாகவும் ஆகியிருந்தது.

"சின்னதா கீறத மட்டும் தூக்குடி, மத்தவன எதுக்கு சீண்டற" என்று நீ சொன்ன ஒரு வரியை நான் அப்படியே நிரலில் போட்டேன். எண் 97-க்கும் 122-க்கும் நடுவில் இருந்தால் மட்டும் கழி. மறுபடி ஓட்டினோம். bk-14 உள்ளே போனது, BK-14 வெளியே வந்தது. அதைப் போல ஓர் அழகை நான் அதுவரை பார்த்ததில்லை. இப்போது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் திரையில் பச்சை எழுத்து ஒவ்வொன்றாக நிமிர்ந்து நின்ற அந்தக் காட்சிக்கு முன்னால் எதை வைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மொத்தக் கணக்கையும் மாற்றினோம். வழக்கம்போல அன்றைக்கு மாலை, இருந்த ஒரே பிளாப்பியில் பழையதன் மேலேயே புதியதைப் பதிந்தோம். மறுநாள் சனிக்கிழமை காலை லிஸ்ட் போயிற்று. ஸ்டோர்ஸ் தேவராஜ் அண்ணன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், லிஸ்டை எட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கு நல்லா கூடி வந்திருக்குல்லா பிள்ளைகளா" என்று பூரித்துப்போனார். மேனேஜர் திரையைத் தட்டிக்கொடுத்தார். திங்கட்கிழமை மறைமலை நகர்ப் பக்கத்து வாடிக்கைக் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், அவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்டப் போவதாகச் சொன்னார். போகும்போது உன்னைப் பார்த்து, "ஆர்டர் ரெடி பண்ணச் சொல்றேன்மா" என்றார். உன் முகம் காது மடல்வரை சிவந்தது.

நான் பறந்துகொண்டிருந்தேன். நீ பறக்கவில்லை. லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தாய். "எல்லாரும் சந்தோசமா கீறாங்க, அதான்டி பயமாக்கீது" என்றாய். என்ன உளறுகிறாய் என்றேன். "BK-14-ஐ பாரு. பாபு அடிச்சது சேந்தாலும் இவ்ளோ வராது. சரக்கே வராம எப்பிடி ஏறும்?" பாபு அடித்தது சின்ன எழுத்து, அது இப்போது சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்றேன். "நானும் சின்ன எழுத்து அடிச்சிருக்கேன்டி" என்றாய். எனக்கு விளங்கவில்லை. "ஸ்டோர்ஸ்லேந்து வர்ற டேக் அட்டைல சில சமயம் சின்ன எழுத்து இருக்கும். குடுத்த பேப்பர்ல இன்னா கீதோ அத்த அப்பிடியே அடி, அர்த்தம் கேக்காதன்னு இன்ஸ்டிடியூட்ல சொல்லிக் குடுத்தாங்க. அப்பிடியே அடிச்சேன்."

இரண்டு பேரும் ஸ்டோர்ஸுக்குப் போனோம். அவசரத்தில் நீ செருப்புக்கூடப் போடவில்லை. தேவராஜ் அண்ணன் தட்டுகளுக்கு நடுவில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். டேக்கில் ஏன் சில நேரம் சின்ன எழுத்து என்று கேட்டாய். அவர், இதைப் போய்க் கேட்கிறாளே என்று பார்த்தார். "அது தேறாத சரக்குல்லா பிள்ள. ஓட்ட தள்ளிப் போயிருக்கும், விளிம்பு பிசிறா இருக்கும். ரீவொர்க்குக்குப் போறதுக்குச் சின்ன ஏபிசிடி. சரிபண்ணித் தேறி வந்திட்டுன்னா பெரிய ஏபிசிடி போட்டு வேற டேக் கெட்டுவோம். செவப்பு மை கேட்டா வாங்கித் தர மாட்டேங்காவ, நாங்க என்ன செய்ய?"

நாம் நிமிர்த்தி நிறுத்திய எழுத்துகளில் பாதி பாபுவின் சோம்பல், பாதி இன்ஸ்பெக்‌ஷனில் தேறாத இரும்பு. லிஸ்டில் எல்லாமே தேறிய சரக்கு. அந்த லிஸ்டைப் பார்த்துக் காலையிலேயே லோடு ஏற்ற ஆரம்பித்திருப்பார்கள். "அண்ணே, இன்னிக்கு வண்டி போவுதா?" என்று நீ கேட்டாய். "போவுதே. பின்பக்கத்துத் தட்டையும் சேத்துல்லா எடுத்திருக்கானுவ. கம்ப்யூட்டரே சொல்லியாச்சு, இருக்குன்னு" என்றார் அவர். சொல்லி முடித்தவருக்கே அப்போதுதான் உறைத்தது.

நீ ஓடினாய். அடியே, என்ன ஓட்டம் அது. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, பிரஸ் வரிசைக்கு நடுவில், இரும்புச் சுருள் சிதறிக் கிடந்த தரையில். "ஏ பொண்ணு, கால் கால்" என்று மிஷின்காரர்கள் கத்தினார்கள். நீ திரும்பவில்லை. உன் முதுகில் பின்னல் குதிப்பதைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். என் செருப்பில் ஒன்று பாதி வழியில் கழன்றுவிட்டது. எதற்கு ஓடுகிறோம் என்று தெரிந்தும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் இருந்தது, அதை இன்றுவரை யாரிடமும் சரியாக விளக்க முடிந்ததில்லை.

லாரி கேட்டைத் தாண்டப் போகிற நேரம். நீ நேரே அதன் மூக்குக்கு முன்னால் போய் நின்றாய். டிரைவர் பிரேக் அடித்துவிட்டுத் தலையை நீட்டினார். "யம்மா, ஒதுங்குமா. டயரு ஏறிச்சின்னா உங்க வூட்டுக்கு யாரு பதில் சொல்றது?" நீ மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏத்திக்கினு போண்ணா. உள்ள கீற பொட்டிய எறக்கி வெச்சிட்டு ஏத்து" என்றாய். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஜினை அணைத்தார். உன் குதிகாலிலிருந்து ரத்தம் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது, உனக்கே தெரியவில்லை.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "யார் உன்னை வண்டியை நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். உள்ள தேறாத சரக்கு கீது சார்."

"கம்ப்யூட்டர் லிஸ்டைப் பார்த்துத்தானே ஏத்தியிருக்காங்க?"

நான் பின்னாலிருந்து உன் தாவணியை இழுத்தேன். காலையில்தான் ஆர்டர் என்று சொன்ன மனிதர் அவர். கொஞ்சம் பொறு, பாபு மேல், ஸ்டோர்ஸ் மேல், சிவப்பு மை மேல் எதன் மேலாவது பேச்சைத் திருப்பலாம் என்று என் மூளை ஓடியது. நீ நேராக நின்று, "லிஸ்டே தப்பு சார். நாங்கதான் அடிச்சோம்" என்றாய்.

அவர் பெட்டி ஒன்றைத் திறக்கச் சொன்னார். முதல் பிராக்கெட்டிலேயே ஓட்டை தள்ளியிருந்தது. அவர் வெகுநேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அது போய்ச் சேர்ந்து வண்டியில் பொருத்தப்பட்டிருந்தால் அந்த வாடிக்கையே போயிருக்கும், அதை நம்பித்தான் தொழிற்சாலை ஓடியது. கடைசியில் நம்மைப் பார்த்து, "திங்கக்கிழமை காலையில சரியான லிஸ்ட் என் டேபிள்ல இருக்கணும். இல்லைன்னா டப்பாவைத் துணி போட்டு மூடிட்டு நீ பேக்கிங்குக்குப் போ. நீ வீட்டுக்குப் போ" என்றார். இரண்டாவது 'நீ' நான்.

அறைக்கு வந்து உன் காலில் துணியைக் கட்டிவிட்டு, நான் ஜம்பமாகச் சொன்னேன், கழித்ததைக் கூட்டினால் போகிறது, முப்பத்திரண்டைத் திரும்பப் போட்டால் பழையபடி ஆகிவிடும் என்று. சொல்லி வாயை மூடும் முன் எனக்கே புரிந்தது. கூட்டினால் எல்லாமே சின்ன எழுத்தாகும். எது முதலில் சின்னதாக இருந்தது, எது பெரியதாகவே பிறந்தது என்று கம்ப்யூட்டருக்கு இனித் தெரியாது. பிளாப்பியிலும் பழையது இல்லை. மேலே ஏற்றுவதற்கு வழி இருந்தது, இறங்குவதற்கு வழி நாமே வைக்கவில்லை. எந்த வகுப்பிலும் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. பயத்தின் நடுவிலும், என்ன பிரமாதமான விஷயம் இது என்று தோன்றியது. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, குடி முழுவிக்கினு கீது, நீ இளிச்சிகினு கீற?" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை வந்தோம். நீ சர்ச்சுக்குப் போகாத முதல் ஞாயிறு அது. தேவராஜ் அண்ணனும் வந்தார், அவரை யாரும் கூப்பிடவில்லை. ஸ்டோர்ஸில் தொங்குகிற டேக் ஒவ்வொன்றையும் அவர் படிக்க, நான் அங்கிருந்து அறைவரை ஓடிவந்து ஒப்பிக்க, நீ அடித்தாய். தட்டில் இருக்கிற சரக்கே சாட்சி, வேறு சாட்சி நமக்கு இல்லை. நீ திரையைப் பார்க்கவில்லை, விசையைப் பார்க்கவில்லை, என் வாயை மட்டும் பார்த்தாய். காலைத் தூக்கி அட்டைப்பெட்டி மேல் வைத்திருந்தாய். பெரியதைப் பெரியதாகவும் சின்னதைச் சின்னதாகவும் அடித்தாய்.

மதியச் சாப்பாட்டுக்கு நீ கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பைப் பார்த்து நான் மூக்கைப் பிடித்தேன், என் தயிர்சாதத்தைப் பார்த்து நீ கொட்டாவி விட்டாய். அப்போதுதான் அதைச் சொன்னாய். "ஏன்டி, மாத்தியே ஆவணுமா? அடிச்சது அடிச்சபடி ஒரு பக்கம் கெடக்கட்டும். தேடறதுக்கு மட்டும் பக்கத்துல பெருசாக்கி ஒண்ணு வெச்சிக்கோ. மன்சன் எழுதனத்த எதுக்கு அழிக்கற?" நான் கையைக்கூடக் கழுவாமல் எழுந்தேன். கணக்கில் இரண்டு பத்தி வைத்தேன், ஒன்று அடித்தவர் அடித்தபடி, ஒன்று கம்ப்யூட்டர் தேடுவதற்கு. மூன்றாவதாக, தேறியதா தேறாததா என்று தனியாக ஒரு பத்தி நான் சேர்த்தேன். இனி எழுத்தின் உயரத்தைப் பார்த்து யாரும் இரும்பை எடைபோட வேண்டியதில்லை.

திங்கட்கிழமை வந்தவர்கள் BK-14 என்று கேட்டார்கள், bk-14 என்று கேட்டார்கள், நடுவில் ஒருத்தர் வேண்டுமென்றே Bk-14 என்றுகூட அடித்துப் பார்த்தார். ஒரே பதில் வந்தது. தேறியது இவ்வளவு, தேறாதது இவ்வளவு. அவர்கள் தேறாததைத்தான் போய் எண்ணினார்கள், சரியாக இருந்தது. போன பிறகு மேனேஜர் நம் அறைக்கு வந்தார். நாம் எழுந்து நின்றோம். அவர் கால்களில் ஷூ இல்லை, வெறும் சாக்ஸ்தான் இருந்தது. நீ என் விலாவில் இடித்தாய். உன் ஆர்டர் அந்த வாரமே வந்தது. அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதாகச் சொன்னாய். போன வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதையே பதிலாகக் காட்டினாயாம்.

பிறகு நான் சென்னைக்குப் போனேன், எங்கெங்கோ போனேன். நீ அங்கேயே இருந்தாய். கம்ப்யூட்டர் மாறியது, மேனேஜர் மாறினார், நெடுஞ்சாலை எட்டு மடங்கு அகலமானது போலத் தோன்றும் எனக்கு. நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வுபெற்றாய். நோய் வந்தது. பார்க்க வந்தபோது, "பரலோகத்துல லிஸ்ட்டு அடிச்சி ஒட்டிட்டாங்கடி, எம்பேரு கீது" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அதற்காக என்னைத் திட்டினாய்.

நான் கட்டிய எந்தக் கணக்கிலும், அடித்தவர் அடித்தபடி வைக்கும் அந்தப் பத்தி இல்லாமல் இருந்ததில்லை. இடம் வீண் என்பார்கள், எடுத்துவிடலாம் என்பார்கள், நான் விடுவதில்லை. ஆனால் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அது மட்டும் இல்லை. ஓர் அறிக்கை திரையில் வரும். எல்லாம் சரி என்று எல்லா எண்ணும் பச்சையில் இருக்கும். சுற்றி இருப்பவர்கள் கைதட்டுவார்கள். எனக்கு அப்போது உள்ளங்கால் குறுகுறுக்கும். கூட்டத்தை விட்டு எழுந்து கீழே இறங்கிச் சரக்கு இருக்கும் இடத்துக்குப் போய்விடுவேன். வேகமாகத்தான் போவேன், இந்த வயதில் அதை ஓட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, எல்லாம் சரியாகவே இருக்கும். இளைய பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அந்த வெறும் ஓட்டம்கூடச் சந்தோஷம்தான்.

ஒன்று மட்டும் சரிப்பட்டு வரவில்லை. அன்று முன்னால் நீ ஓடினாய், நான் உன் பின்னலைப் பார்த்துக்கொண்டு ஓடினேன், வழி தேட வேண்டிய வேலையே எனக்கு இல்லை. இப்போது முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் ஓடுகிறேன்டி.